மஹருக்குப் போன மலைப்பணம்

குமுளி சோதனைச் சாவடியில் பேருந்துக்குள் ஏறிய காவலர் நேராக என்னிடம்தான் வந்தார். அத்தனை பேர் உட்கார்ந்திருக்க என்னிடம் ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. என் முகம் அப்படி. தப்பு செய்யாத நேரத்திலும் தப்பு செய்தவனைப் போலத்தான் இருப்பேன் என்று என் மனைவி சொல்வாள்.

“பையில் என்ன?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“துணிங்க சார். அப்புறம் ஒரு பெட்டி.”

அந்தப் பெட்டியால்தான் இந்தப் பயணம். பாலக்காடு கடைவீதியில் பாயும் கயிறும் விற்கிறவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. கடையை விட்டு வெளியூர் போய்த் தங்குவது எனக்கு எப்போதும் பிடிக்காது. புது மனிதர்களைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் என் அக்கா மகன் ரியாஸுக்கு அப்பா இல்லை. கல்யாண காரியத்துக்குத் தாய்மாமன்தான் முன்னால் நிற்க வேண்டும். என் மனைவி வந்திருந்தால் பேச்சையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கால் வீங்கியிருந்தது.

காவலர் பெட்டியைத் திறந்தார். சிவப்பு வெல்வெட்டில் வட்டம் வட்டமாகக் குழி வெட்டி, குழிக்கு ஒன்றாக ஐந்து காசுகள் உட்கார்ந்திருந்தன.

“எந்த நாட்டுக் காசு?”

“நாடு இல்லீங்க சார்.”

“நாடு இல்லாத காசா?”

அதைத்தான் எனக்கு விளக்கத் தெரியவில்லை. ரியாஸ் கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறையில் அச்சு வெட்டுகிறவன். இந்த மலைகளுக்கென்று ஒரு காலத்தில் தனியாகப் பணம் அடித்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, படம் வரைந்து, அச்சு வெட்டி, அவனே அடித்த காசுகள் அவை. அப்படி ஒரு பணம் எந்தக் காலத்திலும் புழங்கியதில்லை. மலைப்பணம் என்று அவனே பெயர் வைத்தான். மிளகு, ஏலம், காப்பி, கிராம்பு, தேயிலைக் கொழுந்து என்று ஐந்து வகை. நூறு மிளகு ஓர் ஏலம் என்று ஒரு கணக்கும் வைத்திருக்கிறான். இப்படி இல்லாத பணத்துக்கு மாதிரிக் காசு அடிக்கிறவர்களும், அதை விரும்பிச் சேர்க்கிறவர்களும் பல ஊர்களில் இருக்கிறார்களாம். எனக்கு அது புரிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேறு எங்கும் சுற்றாமல் இருக்கிறானே என்று அக்காவுக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

“மஹருக்குங்க சார்” என்றேன்.

அவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. “கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பதுதானே? அதற்கு இதையா கொடுக்கப் போகிறீர்கள்? பெண் வீட்டுக்குத் தெரியுமா?”

பேருந்தே சிரித்தது. தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. உண்மையில் அதைக் கேட்டதே பெண்தான். பீர்மேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாயின் மகள் ஷமீமா. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. பேச்சுவார்த்தைக்கு நாங்கள் போயிருந்தபோது மாப்பிள்ளையின் கைபேசியில் இந்தக் காசுகளின் படத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்க நாட்டுல ஒரு நாள் கொழுந்து கிள்ளுனா என்ன சம்பளம்?” என்று அவனிடம் கேட்டாள். அவன் முழித்தான். பிறகு, மஹர் என்ன வேண்டும் என்று சபையில் கேட்டபோது, “அந்தக் காசுப் பெட்டி போதும்” என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அத்தா சிக்கந்தர் பாய்க்கு முகம் கறுத்தது. “பாலக்காட்டுல தங்கம் வத்திப்போச்சாக்கும்?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பெண் தன் சொல்லை மாற்றவில்லை. கடைசியில், நிக்காஹுக்கு முன்பே பெட்டியைக் கொண்டுவந்து, அதை ஓதி நடத்திவைக்கும் உஸ்தாதிடம் காட்ட வேண்டும், அவர் சரி என்றால் சரி என்று முடிவானது. அதற்காகத்தான் கல்யாண வேனுக்கு முன்னதாக நான் தனியாகக் கிளம்பினேன்.

காவலர் ஒவ்வொரு காசாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கடைசிக் காசு கொழுந்து. நடுவில் வெள்ளை உலோகம், சுற்றிலும் மஞ்சள் வளையம். ஒரு பக்கம் இரண்டு இலையும் ஒரு மொட்டும். “நல்ல வேலைப்பாடு” என்று அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பின. நடத்துநர் சத்தம் போட்டார். நான் பதறிப் பெட்டியை மூடிக் கயிறு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் கொழுந்தைக் கையில் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இறங்கியதும் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குமுளியில் இறங்கியபோது குளிர் காதைப் பிடித்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஓர் ஓட்டலில் கப்பாக்கிழங்கும் மத்தி மீன் கறியும் தின்றேன். கறி நாக்கைக் கிள்ளுகிற உறைப்பு. பால் ஊற்றாத கட்டன் சாயா மட்டும் நம்ப முடியாத சுவை. மலை முழுக்கத் தேயிலை இருந்தால் சாயா நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்து, மேசையைத் துடைத்த பெண்ணிடம் வாய் திறந்து பாராட்டவும் செய்தேன். “இந்தத் தூள் கோயம்புத்தூர்லேர்ந்து வருதுண்ணே” என்றாள்.  காசு கொடுத்து, மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பீர்மேடு பேருந்தைப் பிடிக்க ஓடினேன். பெட்டியைத் திறக்கவில்லை.

பேருந்தில் சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அது எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கீழே பள்ளம், மேலே மூடுபனி, ஓட்டுநர் ஒரு கையால் திருப்புகிறார், மறுகையில் கைபேசி. பக்கத்தில் எஸ்டேட் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர், மடியில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி வைத்திருந்தார்.

“பயமா இருக்காண்ணே?”

“இல்லீங்க.”

“கம்பிய இப்பிடிப் புடிச்சீங்கன்னா கம்பிதான் வளையும்.”

ஒரு வளைவில் பேருந்து சட்டென்று நின்றது. என்னமோ ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். ஒன்றும் இல்லை. சாலையோரத்தில் ஒரு தர்காவுக்குக் காணிக்கை போடும் நேர்ச்சைப் பெட்டி, இரும்புப் பெட்டி, பச்சை வண்ணம். அந்த வழியில் போகிற எல்லா வண்டியும் அங்கே ஒரு நொடி நின்று காசு போட்டுவிட்டுத்தான் போகும் என்று அந்த அம்மா சொன்னார். அவர் நெற்றியில் குங்குமம். முன் இருக்கைக்காரர் கழுத்தில் சிலுவை. எல்லோரும் போட்டார்கள். ஓட்டுநர் பெட்டியை ஒட்டியே நிறுத்தியிருந்ததால் சன்னலிலிருந்து கை எட்டியது.

“போடுங்கண்ணே. இதுக்கு மேலதான் வளைவு ஜாஸ்தி.”

சட்டைப் பையில் விரலை விட்டேன். பத்து ரூபாய்க் காசு தட்டுப்பட்டது. கண்ணை மூடி, எல்லோரும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டு, காசைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியின் வாயில் போட்டேன். பத்து ரூபாய் போட்டதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்றவர்கள் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும்தானே போட்டார்கள்.

சிக்கந்தர் பாய் கடை வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்க வாங்க, பாலக்காட்டு மகாராசா. கஜானா வந்துருச்சா?” என்றார். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மாடியில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். முகம் கழுவிவிட்டு, கொழுந்தை அதன் குழியில் வைக்கப் பெட்டியைத் திறந்துகொண்டு சட்டைப் பையில் கையை விட்டேன். பத்து ரூபாய்க் காசு ஒன்று வந்தது. ஓட்டலில் மீதி கொடுத்த காசு, அதுவும் நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள். அது மட்டும்தான் இருந்தது.

நேர்ச்சைப் பெட்டியில் நான் போட்டது கொழுந்து. மஹர் என்பது பெண்ணின் உரிமை. அதில் ஒரு குந்துமணி குறைந்தாலும் குறை குறைதான். இங்கே மாப்பிள்ளை வீட்டு ஆளாக வந்தவன், அதைக் கொண்டுவந்து கொடுப்பது ஒன்றுதான் வேலை என்று வந்தவன், அதில் பெரிய காசை வழியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் நேர்ச்சைக்கு. தொலைந்த பொருளைத் தேடலாம், திருடு போனால் புகார் கொடுக்கலாம். கண்ணில் ஒற்றிப் போட்டதை எப்படிக் கேட்பது?

ரியாஸைக் கைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“இன்னொண்ணு அடிச்சுக் கொண்டு வந்துருடா” என்றேன்.

“முடியாதுங்க மாமு. அந்த அச்ச அன்னைக்கே ஒடச்சுட்டனுங்க.”

“ஏன்டா ஒடச்சே?”

“ஒரு காசுதான் அடிச்சோம்னா அச்சு இருக்கக் கூடாதுங்க. அதுதான் மொற. ஷமீமாகிட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன், உங்ககிட்ட வர்றதுதான் ஒலகத்துலயே ஒண்ணுன்னு.”

புது அச்சு வெட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். நிக்காஹ் இந்த ஞாயிற்றுக்கிழமை.

பெட்டியை நாளைக்கு உஸ்தாத் வந்ததும் காட்டுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். இரவுச் சாப்பாட்டில் நெய்ச் சோறும் ஆட்டுக்கறியும் மலைபோல் வைத்தார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. “எங்க சாப்பாடு பாலக்காட்டு நாக்குக்குப் பிடிக்கலபோல” என்று சிக்கந்தர் பாய் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும், காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பி ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். உள்ளே இடம் இல்லை. பின்னால் கம்பியில் நின்றவர்களோடு நானும் நின்றேன். எங்கள் ஊர் ஆட்டோவில் நான்கு பேர் ஏறினாலே நான் இறங்கிக்கொள்கிறவன். வளைவில் இறக்கிவிட்டார்கள். மழைச் சேற்றில் குறுக்கே நடந்து நேர்ச்சைப் பெட்டி இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கணுக்காலில் என்னவோ ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தால் அட்டை, விரல் பருமனுக்கு என் ரத்தத்தைக் குடித்துத் தொங்கியது.

பெட்டிக்குப் பக்கத்தில் சாயாக்கடை வைத்திருந்தவர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறவரும். அட்டை மேல் உப்பைப் போட்டு உதிர்த்துவிட்டார். அந்த உதவியால் எனக்குக் கொஞ்சம் வாய் வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“பொட்டிச் சாவி கமிட்டிக்கிட்ட இருக்கு. தர்காவுல சந்தனக்கூடு திருவிழா முடிஞ்சுதான் தொறப்பாங்க.”

“அதுக்கு இன்னும்...”

“கெடக்கு நாளு. தொறந்தாலும் குடுக்க மாட்டாங்க பாய். போட்டது போட்டதுதான். ஒருத்தருக்குக் கல்யாண மோதிரம் வழுக்கி உள்ள விழுந்துச்சு. அவரே ஒண்ணுஞ் சொல்லாமப் போயிட்டாரு. திருப்பிக் கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

“அது செல்லாத காசுங்க. உங்களுக்கு உபயோகம் இல்லீங்க.”

“செல்லாத காசுக்குத் தனி டப்பா இருக்கு. துபாய் காசு, மலேசியாக் காசு, பழைய அஞ்சு பைசா எல்லாம் அதுலதான். ஒங்க காசும் அதோட இருந்துட்டுப் போகும்.” என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு செய்ங்க. ஒரு பத்து ரூவா காச அந்தக் குழியில வச்சிருங்க. யாரு பாக்கப் போறா?”

பொய் சொல்வானேன், ஒரு நொடி அதையும் நினைத்துப் பார்த்தேன். சட்டைப் பையில் இன்னும் அந்தக் காசு இருந்தது. ஆனால் அவளுக்குப் படம் தெரியும். எனக்கும் தெரியும். அவருடைய சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நான் போய்ச் சேரும்போது உஸ்தாத் வந்து உட்கார்ந்திருந்தார். மலப்புறத்துக்காரர், மலையாளத்தில்தான் பேசினார். இளைஞர்தான், ஆனால் நிதானமானவர். பெட்டியைத் திறந்து நான்கு காசுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“எந்த அரசாங்கமும் அடிக்காத காசு என்றால் இது பணம் இல்லை. பணம் இல்லாவிட்டால் என்ன? மதிப்புள்ள பொருள். பெண் சம்மதித்துக் கேட்டிருக்கிறாள். மஹராகக் கொடுக்கலாம்” என்றார்.

அவ்வளவு சுலபமாக அவர் சரி சொல்வார் என்று சிக்கந்தர் பாய் எதிர்பார்க்கவில்லை. என் பயமெல்லாம் அதைப் பற்றித்தான் இருந்தது, ஊரிலிருந்து கிளம்பும்போது. இப்போது அது பயமே இல்லை.

“இந்தக் குழி ஏன் காலியாக இருக்கிறது?” என்று உஸ்தாத் கேட்டார்.

சொன்னேன். சோதனைச் சாவடியிலிருந்து அட்டை வரைக்கும் சொன்னேன். முடித்தபோது சிக்கந்தர் பாய் எழுந்து நின்றிருந்தார்.

“மொதல்ல தங்கம் இல்ல. அப்புறம் செல்லாத காசு. இப்ப அதுலயும் ஓட்டை. கொறையோட மஹர் வாங்கிக்கிட்டுப் பொண்ணக் குடுத்தான்னு நாளைக்கு எவனாச்சும் என் கடை வாசல்லயே சொல்லுவான். இந்த ஞாயித்துக்கெழம வேணாம். காச முழுசாக் கொண்டாங்க, அப்புறம் பாப்பம்.”

வேன் பேசியாகிவிட்டது, பாலக்காட்டில் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, அக்கா பட்டுச் சேலைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்திருக்கிறாள்.  தள்ளிப்போகிற கல்யாணம் பிறகு எப்படி ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“அத்தா” என்று உள்ளே இருந்து ஷமீமா வந்து நிலைப்படியில் நின்றாள். “மஹர் யாருக்கு?”

“ஒனக்குத்தான். அதுக்கென்ன?”

“அப்ப கொறையுதா நெறையுதான்னு நான்தான சொல்லணும்? எனக்கு நெறைஞ்சிருச்சு. அந்தக் கொழுந்த நான் நேர்ச்சைக்குக் குடுத்ததா இருக்கட்டும்.”

உஸ்தாத் தலையசைத்தார். “அப்படிச் சொல்ல முடியாது மகளே. நிக்காஹ் முடிந்தால்தான் மஹர் உன்னுடையது. உன்னுடையது ஆகாத பொருளை நீ எப்படி நேர்ச்சை கொடுப்பாய்?”

அவள் விடவில்லை. தொழிற்சாலையில் தினமும் எடைக்காரர்களோடு வாதாடுகிற பெண்.

“சரி. ஞாயித்துக்கெழம வரைக்கும் அது பொட்டியிலேயே கெடக்கட்டும். பூட்டு இருக்கு. எவனும் எடுத்துச் செலவு பண்ண முடியாது, எந்தக் கடையிலயும் வாங்கமாட்டாங்க. நிக்காஹ் ஆனதும் அது என்னோடது ஆயிரும்ல? அந்த நிமிசமே நேர்ச்சைக்கு விட்டுட்டேன். இப்ப?”

உஸ்தாத் தாடியைத் தடவினார். சிக்கந்தர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “இவளை நீங்கள் ஓதவைத்திருக்க வேண்டும், பாய். எனக்கு வேலை இருந்திருக்காது.” உடனே குரல் மாறியது. “ஆனால் சபையில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது. ஐந்தும் கொடுக்கப்பட்டது என்று நான் சொல்லும்போது ஒரு குழி காலியாக இருக்கும். அந்தக் காசு எங்கே இருக்கிறது என்று, போட்ட ஆளே எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொன்னால் நான் நடத்திவைக்கிறேன்.”

“அவரா?” என்றார் சிக்கந்தர் பாய். “அவரு பேசுனா எதுக்க இருக்கற எனக்கே கேக்கல.”

வேன் வருகிற வரைக்கும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேயிலைச் சரிவில் நடந்துகொண்டே அந்த நாலு வரியைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை காசை முன்னால் சொன்னேன், ஒரு தடவை தர்காவை முன்னால் சொன்னேன். செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழுந்தது. “யாருகிட்டண்ணே பேசுறீங்க?” ஒருத்தரிடமும் இல்லை என்றேன். “அப்ப சரி. நாங்க எங்களத்தான் வையிறீங்களோன்னு பாத்தோம்.”

பள்ளிவாசலை ஒட்டிய மதரசா கூடத்தில் நிக்காஹ். ஒரு பாதியைத் திரைச்சீலையால் தடுத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடம் நிறைந்து வாசல்வரை ஆண்கள். ரியாஸ் என் பக்கத்தில், தொப்பியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டு. உஸ்தாத் ஓதி முடித்து, மஹர் இன்னது என்று சொல்லி, பெட்டியைத் திறந்து வைத்தார். முன்வரிசையில் எல்லோருடைய கண்ணும் அந்தக் குழிக்குத்தான் போனது. ஒருவர் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார். சிக்கந்தர் பாய் கீழே தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேலி பேசுகிற மனிதரின் முகம் அன்று அப்படி இல்லை. அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உஸ்தாத் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

“கொழுந்துங்கற காசு...” என்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “மஹர்ல ஒரு காசு, கொழுந்துங்கறது, வளைவுல இருக்கிற தர்கா நேர்ச்சைப் பெட்டிக்குள்ள இருக்குதுங்க. தெரியாம நான்தான் போட்டேன். அது பொண்ணோட காசு. நிக்காஹ் ஆனதும் அவங்க பேர்ல நேர்ச்சைங்க.”

“பின்னால ஒண்ணும் கேக்கல, பாய்!” என்று வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்.

காது சுட்டது. உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தது. ரியாஸ் என் வேட்டியின் ஓரத்தைப் பிடித்திருந்தான். மூச்சை இழுத்து, கடையில் கூட்டத்துக்கு மேல் விலை சொல்கிற குரலில் முதலிலிருந்து முழுவதையும் மறுபடி சொன்னேன். வாசல்வரை தலைகள் ஆடின. உஸ்தாத் ரியாஸின் கையை எடுத்து சிக்கந்தர் பாயின் கையில் வைத்தார். அவன் சம்மதத்தை மூன்று முறையும் தெளிவாகச் சொன்னான். எல்லாம் முடிந்து துஆ ஓதி எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்ட பிறகும் நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திரைச்சீலை அசைந்தது.

“எங்களுக்கு மொதத் தடவையே கேட்டுருச்சு, மாமு” என்று ஷமீமாவின் குரல் வந்தது. “ஒக்காருங்க.”